பொட்டு வைத்த கிடா

கிடா தன் கழுத்து மாலையையே தின்றுகொண்டிருக்கிறது, சாமந்தி மாலை, தலையை ஒருக்களித்து நாக்கை நீட்டி ஒவ்வொரு பூவாகப் பறித்து மெல்கிறது, அதைச் சுற்றி நின்று செல்போனில் படம் பிடிக்கிறான்கள், இந்தக் காலத்து ஆட்களுக்கு எதையும் கண்ணால் பார்க்கத் தெரியவில்லை, கையைத் தூக்கி ஒரு கண்ணாடிச் சில்லுக்குள் பார்த்தால்தான் பார்த்த மாதிரி, செத்த வீட்டிலும் அப்படித்தான், சடங்கு வீட்டிலும் அப்படித்தான், கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்க என்று ஒருத்தி சொல்கிறாள், ஒருவன் கொம்பைப் பிடித்துத் திருப்புகிறான், அவள் கைப்பையிலிருந்து சிமிழை எடுத்துக் கிடாவின் நெற்றியில் குங்குமம் வைக்கிறாள், அதற்கப்புறம் முதுகில் ஒரு பச்சைத் துணியைப் போர்த்துகிறாள், இப்பதான் சூப்பரா இருக்கு, ரெண்டு மதமும் வந்துட்டு என்கிறாள், அதே தர்கா வாசல், அதே கல், அதே நெற்றியில் அதே குங்குமம், ஒரு மனுசனின் கையை வாங்கின குங்குமம், இன்றைக்குப் படத்துக்கு அழகாக இருக்கிறதாம். நல்லிணக்கக் குழு என்று பேர் வைத்திருக்கிறான்கள், கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிற நவநீதன்தான் அதற்குச் செயலாளர், கெட்டவன் என்று சொல்லமாட்டேன், நல்லவன் என்றும் எனக்குத் தெரியாது, அவன்தான் என்னை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டுவந்து மேடை நாற்காலியில் உட்கார்த்தினது, நின்னுபோன தர்கா கந்தூரியை மறுபடி நடத்தப்போறோம் ஐயா, ரெண்டு தெருவும் ஒண்ணா ஆக்கிச் சாப்பிடப்போறோம், நீங்க ஒரே ஒரு வார்த்தை சொன்னாப் போதும், எந்த மதமும் சண்டை போடச் சொல்லல, தப்பு மனுசன் மேலதான், மதத்து மேல பழி இல்லைன்னு, அன்னைக்கு நடந்ததைக் கிட்டக்க நின்னு பாத்தவர் நீங்க, உங்க வாயால வந்தா ஜனங்க நம்பும் என்றான், நான் பதில் சொல்லவில்லை, பதில் சொல்லாதவன் சம்மதித்துவிட்டான் என்று எடுத்துக்கொள்வதும் இந்தக் காலத்துப் பழக்கம்தான், என் கழுத்திலும் ஒரு மாலை போட்டுவிட்டான்கள், கிடாவுக்குப் போட்ட அதே சாமந்தி, ஒரே கடையில் வாங்கியிருப்பான்கள். கீழே முன்வரிசையில் மதார் உட்கார்ந்திருக்கிறான், மகள் தாங்கிக் கூட்டிவந்திருக்கிறாள், அவன் வலது கை மடியில் கிடக்கிறது, யாரோ மறந்து வைத்துவிட்டுப்போன சாமான் மாதிரி, அவன் என்னையே பார்க்கிறான், நவநீதன் கேட்டதை நான் காற்றில் விட்டுவிடுவேன், விடமுடியாமல் நிற்பது மதார் கேட்டது, நேற்று அவன் வீட்டில் என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அவனும் இதே வார்த்தையைத்தான் கேட்டான், இத்தனை வருசத்தில் அவன் என்னிடம் எதையும் கேட்டவன் இல்லை.

அந்தக் கை மூட்டை தூக்கின கை, வத்தல் மண்டியில் நாங்கள் மூன்று பேர் ஒரு கூட்டு, மிளகாய் வத்தல் தாட்டை, ஆள் உயரச் சாக்கு மூட்டை அது, இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் கொக்கி போட்டுத் தூக்கிவிட வேண்டும், மூன்றாமவன் குனிந்து முதுகைக் கொடுத்து வாங்கிக்கொண்டு லாரிக்குப் போக வேண்டும், கொக்கி மூன்று பேர் இடுப்பிலும் தொங்கும், தூக்குகிறவர்கள் நானும் சேக்மதாரும், சுமக்கிறவன் அணைஞ்சபெருமாள், அவனுக்குத் தேக்குப் பலகை மாதிரி முதுகு, சாயங்காலம் அந்த முதுகு முழுக்க வத்தல் பொடி படிந்து சிவந்துகிடக்கும், மதார் துண்டால் தட்டிவிடுவான், தட்டத்தட்ட மூன்று பேரும் தும்முவோம், தும்மித் தும்மிச் சிரிப்போம், இப்போது நினைத்தாலும் மூக்கில் அந்த நெடி ஏறுகிறது, தூக்கும்போது நீங்க முருகான்னும் அவர் யா அல்லான்னும் சொல்வீங்களாமே, அதை மேடையில சொல்லுங்க, கேக்க நல்லாருக்கும் என்று நவநீதன் ஒரு நாள் சொன்னான், எவன் சொன்னது, நாங்கள் தூக்குலே சவத்த மூதி என்று சொல்லித்தான் தூக்குவோம், அதைவிட மோசமான வார்த்தையும் உண்டு, அதைச் சொன்னால் தாட்டு இன்னும் லேசாக எழும்பும், கடவுள் பேரைச் சொல்லி ஒரு மூட்டைகூட லாரி ஏறினதில்லை என்றேன், அவன் முகம் வாடிப்போயிற்று. பெருமாள் வாயில் அந்த வார்த்தைகூட வராது, அவன் அப்படி ஒரு பிறவி, தாட்டுக்கு அடியில் தேள் கிடந்தால் அடிக்கமாட்டான், மதார் மாமா, இங்கன ஒண்ணு கெடக்கு, செத்த வாரும் என்று கூப்பிடுவான், மதார் செருப்பைக் கழற்றிக்கொண்டு வருவான், பெருமாள் முகத்தைத் திருப்பிக்கொள்வான், ஆனால் சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழா வந்துவிட்டால் அவன் வேறே ஆள், அவன்தான் சாமிகொண்டாடி, அவன் அப்பனுக்கு அப்புறம் அவனுக்கு வந்த பாத்தியதை, முதலில் இடது தோள் துடிக்கும், அப்புறம் கழுத்து, அப்புறம் கண் எங்கேயோ போய்விடும், பொம்பளைகள் குலவை போடுவார்கள், கூட்டம் இரண்டாகப் பிளந்து வழிவிடும், அவன் மூட்டை சுமக்கிறவனாக இருந்து அன்றைக்கு எல்லாரையும் சுமக்கிறவன் ஆகிவிடுவான், அவனை அதட்டி வேலை வாங்குகிற மண்டிக்காரர் குப்புற விழுந்து கும்பிடுவார், மதாரின் உம்மாகூடக் குளிர்காய்ச்சலுக்கு அவன் கையால் திருநீறு வாங்கிப் பூசியிருக்கிறாள், யாரும் ஒரு நாளும் கேட்டதில்லை, இது சாமியா பெருமாளா என்று.

என் பெண்டாட்டி ஆவுடையின் குரல் கேட்கிறது, செத்துப்போய்ப் பல வருசம் ஆனாலும் வத்தல் நெடி மாதிரி அவளும் எங்கிருந்தாவது வந்துவிடுகிறாள், கையில் கிடாக்குட்டியின் கயிறு, மடியில் பிள்ளை, பிள்ளைக்கு வெட்டு வந்து கண் செருகிக் கை கால் இழுத்துக்கொண்டுபோன நாளில் அவள் இந்த மலையடி அவுலியா தர்கா வாசலில் வந்து விழுந்தாள், பிழைத்துவிட்டால் கிடா தருகிறேன் என்று நேர்ந்துகொண்டாள், நம்ம சாமிக்கு நேராம இங்க எதுக்குடீ வந்தே என்று நான் கேட்டதற்கு, பக்கமா எது இருக்கோ அங்கதான ஓடமுடியும், பிள்ளைய வச்சுக்கிட்டு சாமி பாத்துக்கிட்டு நிப்பாங்களா என்றாள், பிள்ளை பிழைத்தான், இன்றைக்குத் திருப்பூரில் இருக்கிறான், கிடா வளர்ந்தது, தெருவெல்லாம் சுற்றிக் கண்ட வீட்டில் கஞ்சி குடித்துக் கொழுத்தது, கந்தூரி அன்று காலையில் அதைக் குளிப்பாட்டினாள், எந்தச் சாமிக்குக் கிடா கொடுத்தாலும் எப்படிக் கொடுப்பாளோ அப்படியே கொடுத்தாள், அவளுக்கு வேறு மாதிரி தெரியாது, கொம்புக்கு மஞ்சள் பூசி, நெற்றியில் உள்ளங்கை அகலத்துக்குக் குங்குமம் அப்பி, கழுத்தில் வேப்பிலை கட்டி, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவளே ஓட்டிக்கொண்டுவந்தாள். தர்காவில் கிடா அறுப்பது மதார், வயசான லெப்பைக்குக் கை நடுங்கும் என்பதால் அவர் பாத்திஹா ஓதுவார், இவன் பிஸ்மி சொல்லி அறுப்பான், அறுக்கும் முன்னால் ஈரத்துணியால் நெற்றியைத் துடைத்துவிடுவது வழக்கம், எத்தனையோ பேர் எங்கள் தெருவிலிருந்து பொட்டு வைத்த கிடா கொண்டுவந்திருக்கிறார்கள், அன்றைக்கு லெப்பை ஈரத்துணியை நீட்டினார், மதார் ஆவுடை முகத்தைப் பார்த்தான், இருக்கட்டும் மாமு, தங்கச்சி ஆசையா வச்சது, தோல்லதான இருக்கு, கறியிலயா இருக்கு என்றான், லெப்பை சிரித்தார், ஆவுடை சிரித்தாள், இத்தனைதான், இவ்வளவு சின்னது, ஒரு ஈரத்துணி, ஒரு மனுசன் இன்னொருத்தி மனம் நோகவேண்டாம் என்று நினைத்தான், நல்லிணக்கம் நல்லிணக்கம் என்று இன்றைக்கு மைக்கில் கத்துகிறான்களே, அதுதான் அது, அதற்கு அன்றைக்குப் பேர் கிடையாது, பேர் இல்லாததாலேயோ என்னவோ அதை யாரும் காப்பாற்றவும் இல்லை.

பெருமாள் சோற்றுக்கு வந்தான், வருசா வருசம் வருவான், தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு நெய்ச்சோறு வாங்க வருவான், மதார் அவனுக்கென்று எலும்பில்லாத கறியாகப் பார்த்துப் போடச்சொல்வான், அவன் தர்கா மதில் பக்கம் திரும்பி வருகிறதை நான் பார்க்கிறேன், இப்போதும் பார்க்கிறேன், வெயிலில் தூக்குச்சட்டி மினுங்குகிறது, அவனுக்கு எதிரே மதில்மேல் கிடாவின் தலை, கொம்பில் மஞ்சள், நெற்றியில் குங்குமம் அழியாமல், சுடலைக்கு நேர்ந்துவிட்ட கோயில் கிடா ஒன்று அந்த வாரம் காணாமல் போயிருந்தது, ஊரெல்லாம் தேடிக்கொண்டிருந்தார்கள், பெருமாள் தலையைப் பார்த்தான், தூக்குச்சட்டி கீழே விழுந்து உருண்டது, இடது தோள் துடித்தது. நான் அடுப்பங்கரையிலிருந்து ஓடினேன், அது என் கிடாடா பெருமாளு, ஆவுடை கிடா, அவதாம்லே கொண்டுவந்தா என்று கத்தினேன், என் தொண்டை மண்டியில் பத்து லாரிச் சத்தத்தைத் தாண்டிக் கேட்கிற தொண்டை, அவன் காதில் விழவில்லை, கழுத்து துடித்தது, கண் எங்கேயோ போய்விட்டது, அப்போதுதான் அது நடந்தது, அதைத்தான் நான் இத்தனை வருசமாக ஒவ்வொருவனிடமும் சொல்கிறேன், ஒருவனும் காதில் வாங்குவதில்லை, சோறு வாங்க நின்ற எங்கள் தெருப் பொம்பளை ஒருத்தி, பழக்கதோசத்தில், குலவை போட்டாள். தோள் துடித்தால் குலவை, அவளுக்கு அவ்வளவுதான் தெரியும், குலவை கேட்டதும் நின்ற கூட்டம் இரண்டாகப் பிளந்தது, கும்பிட்டவன் உண்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டவன் உண்டு, பெருமாள் இடுப்பில் கொக்கி இருந்தது, மண்டியிலிருந்து நேராக வந்தவன், அவன் நடந்தான், ஓடக்கூட இல்லை, கொடைக்கு நடக்கிற அதே நடை, நான் குறுக்கே பாய்ந்தேன், பின்னாலிருந்து என் இடுப்பை ஒருவன் கட்டிப்பிடித்தான், சாமி வந்திருக்கு வே, குறுக்க போகாதேயும் என்றான், என்னை இழுத்தான், மதார் கத்தியைக் கழுவிக்கொண்டிருந்தான், நிமிர்ந்து பார்த்து, என்ன மாப்ள, சோறு இன்னும் ஆகலையே என்றான், பெருமாளைப் பார்த்து அவன் சொன்ன கடைசிச் சிரிப்பு வார்த்தை அது, கொக்கி மதாரின் வலது தோளுக்குக் கீழே இறங்கியது, தாட்டில் போடுகிற மாதிரியே போட்டான், போட்டு இழுத்தான்.

பைத்தியம் என்றால் பிடித்திருப்பார்கள், குடித்துவிட்டு வந்திருக்கிறான் என்றால் மிதித்திருப்பார்கள், கொழுந்தியாள் தகராறு என்று கொக்கியோடு வந்திருந்தால் கல்லால் அடித்துக் கட்டிப்போட்டிருப்பார்கள், சாமி என்பதால் வழிவிட்டார்கள். அதற்கப்புறம் நடந்ததெல்லாம் எல்லா ஊரிலும் நடக்கிறது, மறுநாள் மதாரின் தெருவிலிருந்து வந்தவன்களும் ஒரு பேரைக் கத்திக்கொண்டுதான் வந்தான்கள், அந்தப் பேரைக் கேட்டதும் அவன்கள் பெரியவர்களும் ஒதுங்கி வழிவிட்டார்கள், விறகுக்கடை பாக்கியத்தம்மாள் கடை எரிந்தது, இரண்டு தெரு அடுப்புக்கும் விறகு போட்டவள் அவள், அந்தப் பக்கம் மதாரிடம், அவ வீட்டுக் கிடாவ நீ ஏன் வாங்குனே, பொட்ட ஏன் அழிக்கலே என்று கேட்டான்கள், இந்தப் பக்கம் ஆவுடையிடம், அங்க ஏன் கொண்டுபோனே என்று கேட்டான்கள், ஒரே கேள்விதான், இரண்டு பக்கமும் அதில் மட்டும் ஒற்றுமை. சில நாள் போய்க் காணாமல்போன கோயில் கிடா தானாகத் திரும்பிவந்தது, வாழைத்தோப்பில் கிடந்து தின்று கொழுத்துப்போய், வாயில் இலையை மென்றுகொண்டு, கோயில் வாசலில் வந்து நின்றது, ஒருவனாவது தலை குனிவான் என்று நான் நின்று பார்த்தேன், சாமியே கொண்டுவந்து சேத்துட்டு என்று ஊர் சந்தோசப்பட்டது, அந்த வருசக் கொடைக்கு மேளம் கூடுதல். பிற்பாடு விவரம் தெரிந்தவர்கள் வந்தார்கள், இதெல்லாம் மதம் இல்லை, மண்டிக்காரர் வேலை, அவருக்கு அந்தத் தெரு ஆட்களை மண்டியை விட்டுக் கிளப்பவேண்டும், அவர்தான் தூண்டிவிட்டார் என்றார்கள், இருக்கலாம், அவருக்கு அந்த ஆசை உண்டு, ஆனால் அந்த ஆசை அவருக்குப் பல வருசமாக இருந்தது, அவர் ஆசைக்காக ஒருத்தி குலவை போடவில்லையே, ஒருவன் வழிவிடவில்லையே, அவர் ஆசைக்குத் துடிக்கிற தோள் ஒன்றும் இந்த ஊரில் இல்லையே. தையல்கடை ரெங்கசாமி கறுப்புச்சட்டைக்காரன், அவன் மெசினை நிறுத்திவிட்டு, எல்லாத்துக்கும் மதம்தான்யா காரணம், அதை ஒழிச்சாச் சண்டையே கிடையாது என்பான், அவன் சொல்வதும் எனக்கு இறங்கவில்லை, அவனும் அவன் தம்பியும் அரையடிச் சுவருக்காகக் கோர்ட்டுக்குப் போனவர்கள், இரண்டு பேரும் கோயில் பக்கமே போகாதவர்கள், பேச்சுவார்த்தை இன்றைக்கு வரைக்கும் இல்லை, அது எந்த மதம் வே என்று கேட்டேன், மெசினை மறுபடி மிதிக்க ஆரம்பித்துவிட்டான்.

ஜெயிலிலிருந்து வந்த பெருமாள் ஒரு நாள் மதார் வீட்டு வாசலில் வந்து நின்றான், நான் உள்ளே மதாருக்குச் சவரம் செய்துவிட்டுக்கொண்டிருந்தேன், அவனுக்கு இடது கையால் வராது, முகத்தில் பாதிச் சோப்பு நுரையோடு மதார் எழுந்து வெளியே வந்தான், பெருமாள் தரையைப் பார்த்துக்கொண்டு, மாமா, நான் செய்யல, சாமி வந்துட்டு என்றான். மதாரின் கன்னத்தில் நுரை காய்ந்து இறுகிற்று, அப்புறம் மெதுவாகச் சொன்னான், சாமி வரல மாப்ள, நீதான் வந்தே, அத அது மேல போடாதே. இல்ல மாமா, சாமிதான், எனக்கு ஒண்ணுமே தெரியல என்று பெருமாள் அழுதான், மதார், நீன்னு சொல்லு, நான் இப்பவே மன்னிச்சிருதேன், சாமின்னு சொன்னா நான் யாரப் போய் மன்னிக்க என்றான். கொக்கி போட்டவன் தன் சாமியைக் காட்டிக்கொடுக்கிறான், கொக்கி வாங்கினவன் அடுத்தவன் சாமிக்கு வக்காலத்துப் பேசுகிறான், இது என்ன வேடிக்கை, பெருமாள் கடைசிவரைக்கும் நான் என்று சொல்லவில்லை, வருசத்தில் ஒரு தடவை வந்து அதே இடத்தில் நின்று அதே வார்த்தையைச் சொல்லிவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போவான், கொடைக்கு அவனே ஆடினான், ஊர் அவன் கையால் திருநீறு வாங்கிற்று, அன்னைக்கு வந்தது சாமி இல்ல, அவன் கொழுப்பு என்று என்னிடம் சொன்ன வாயே அவன் முன்னால் ஆ என்று திறந்து திருநீறு வாங்கிற்று, நல்லது செய்தால் அது சாமி, கெட்டது செய்தால் அது பெருமாள், அதே தோள், அதே துடிப்பு, உள்ளே போய்ப் பார்த்தவன் எவன், தேளைக்கூட அடிக்காதவன் சாகிற அன்றைக்கும் சாமிதான் என்று சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடினான் என்று அவன் பெண்டாட்டி சொன்னாள், செத்துப்போகிறவன் பொய் சொல்வானா, எனக்குத் தெரியவில்லை.

நேற்று மதார் கட்டிலில் கிடந்தான், நுரையீரலில் தண்ணீர் கோத்திருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார், பேசும்போது நடுவில் நடுவில் மூச்சுக்குக் காத்திருக்கிறான், பாங்கு சொல்கிற சத்தம் கேட்டது, படுக்கையிலேயே தொழுதான், துவாவுக்குக் கையேந்த வேண்டும், இடது கை போய் வலது கையைத் தூக்கிக்கொண்டுவந்து பக்கத்தில் வைத்துக்கொள்கிறது, ஒரு பிள்ளையைத் தூக்கிவந்து உட்காரவைக்கிற மாதிரி, அது சரிந்து சரிந்து விழுகிறது, மறுபடி தூக்கி வைக்கிறது, இத்தனை வருசமாக ஒரு வேளை விடாமல் இப்படித்தான், பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரமாக வரும், எவன் பேரைச் சொல்லி இத்தனையும் நடந்ததோ அவனிடமே இந்தக் கையைத் தூக்கிக் காட்டுகிறானே என்று வரும். தொழுது முடித்து என் முழங்காலைப் பிடித்தான், நாளைக்கு நீ அத மட்டும் சொல்லிரு மாப்ள என்றான், எத என்றேன், தெரியாத மாதிரி, மார்க்கத்து மேல பழி இல்லைன்னு, அவங்க சாமி மேலயும் இல்லைன்னு, மனுசன் செஞ்சதுன்னு சொல்லு, நீ ஒத்த ஆளுதான் மாறிச் சொல்லிக்கிட்டுத் திரியுதே, நீ சொல்லுததக் கேட்டுட்டு நான் எப்படிப் போய்ச் சேர என்றான், மூச்சு வாங்கினான், கை போச்சு, தொழில் போச்சு, சாஞ்சுக்கிட அந்தச் செவுரு ஒண்ணுதான் எனக்கு இருக்கு, அதயும் இடிக்காதே. நான் அவன் போர்வையைச் சரிசெய்தேன், தண்ணீர் கொடுத்தேன், அவன் குடிக்கும்போது என்னைப் பார்த்த பார்வை, மூட்டையின் மறுபக்கத்தில் கொக்கி போட்டுவிட்டு நான் தூக்குவதற்காகக் காத்திருக்கிற பார்வை, அவன் பக்கம் தூக்கிவிட்டான், நான் தூக்காமல் நிற்கிறேன்.

மைக்கில் என் பேரைச் சொல்கிறான்கள், நவநீதன் என் கையைப் பிடித்து அழைத்துப்போகிறான், மைக் வாசனை, இரும்பும் எச்சிலும், கீழே நரைத்த தலைகள் கொஞ்சம் தெரிகின்றன, அன்றைக்கு இங்கே நின்றவன்கள், இன்றைக்கு வெள்ளை வேட்டியில் பேரப்பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்கிறான்கள், நெய்ச்சோற்று வாசம் வருகிறது, மதார் நிமிர்ந்து உட்கார்கிறான், அவன் மகள் முதுகைத் தாங்கிக்கொள்கிறாள், எனக்கு அந்த வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது, உண்மை, ஒரு வார்த்தைதானே, செத்துக்கொண்டிருக்கிறவன் கேட்கிறான், சொல்லிவிட்டு இறங்கினால் அவன் தூங்குவான், சொல்லத்தான் வாயைத் திறந்தேன், வந்தது வேறே. ஒரு ஆளப் பிடிக்க நாலு பேர் போதும், அன்னைக்கு இங்க ஊரே நின்னுச்சு என்றேன், பெருமாளு மட்டும் வந்திருந்தா அவன் கொக்கிய நானே பிடுங்கிருப்பேன், அவன் தனியா வரல, நீங்க கும்பிட்டு வழிவிட்டீங்க, மறுநாள் அவங்க வழிவிட்டாங்க, வந்தது சாமி இல்லைன்னா ஏன்யா வழிவிட்டீங்க, வந்தது சாமின்னா அந்தப் பழி யாரு மேல, ரெண்டுல ஒண்ணச் சொல்லுங்க, இத்தன வருசமாக் கேக்கேன், ஒருத்தனும் சொல்லல. ஒரு குழந்தை அழுதது, நரைத்த தலை ஒன்று குனிந்து செருப்பைத் தேடிற்று, நான் இன்னும் பேசத்தான் நினைத்தேன், மைக் என் கையில் இல்லை, நவநீதன் சிரித்துக்கொண்டே வாங்கிவிட்டான், ஐயா தன்னோட பாணியில ரொம்ப அழகாச் சொன்னாங்க, அவங்க சொல்ல வந்தது என்னன்னா, எந்த மதமும் வன்முறையச் சொல்லித்தரல, வழிவிட்டது மனுசன், தப்பு மனுசன் மேலதான், மதத்து மேல பழி இல்லை என்றான், கைதட்டல் எழுந்தது, மழை மாதிரி, ஓட்டுக்கூரையில் விழுகிற மழை மாதிரி தட்டுகிறான்கள், நான் சொல்லாததற்கு, என் பேரில்.

நான் படி இறங்கினேன், கைதட்டல் நிற்கவில்லை, மதாரைப் பார்த்தேன், அவன் மடியில் கிடந்த வலது கையின் மேல் இடது கையால் தட்டிக்கொண்டிருந்தான், ஒரு கை செத்தது, ஒரு கை உயிரோடு, சத்தமே வராத கைதட்டல், என்னைப் பார்க்காமல், மேடையைப் பார்த்து, கண்ணில் தண்ணீரோடு, நான் சொன்னதற்கா நவநீதன் சொன்னதற்கா என்று எனக்குத் தெரியும், தெரியாத மாதிரி நடந்தேன், மாப்ள என்று கூப்பிட்டானோ என்னவோ, மைக்கில் பாட்டு போட்டுவிட்டான்கள். கிடா அங்கேயே நிற்கிறது, கழுத்தில் நார் மட்டும் மிச்சம், பூவெல்லாம் தின்று முடித்துவிட்டது, என்னை நிமிர்ந்து பார்க்கிறது, நெற்றியில் அந்தக் குங்குமம், நான் என் கழுத்து மாலையைக் கழற்றி அதன் வாய்க்குக் கீழே போட்டேன், அது என்னையும் மாலையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தின்ன ஆரம்பித்தது, சோறாக்குகிற அண்டா பக்கத்தில் வாளியில் தண்ணீர் இருந்தது, துண்டின் முனையை நனைத்தேன், பிழிந்தேன், கிடாவின் கொம்பைப் பிடித்துக்கொண்டு நெற்றியைத் துடைத்தேன், அன்றைக்கு ஈரத்துணியோடு லெப்பை நீட்டின கை என் முன்னால் நீள்கிற மாதிரி இருந்தது, ஆவுடை பக்கத்தில் நின்று முகத்தைச் சுளிக்கிற மாதிரி இருந்தது, மன்னிச்சிருடீ என்று சொல்லவில்லை, அழுத்தித் துடைத்தேன், ஐயோ தாத்தா, அழிச்சிட்டீங்களே, இன்னும் ரெண்டு படம் இருக்கு என்று அந்தப் பொண்ணு ஓடிவருகிறாள், பச்சைத் துணியையும் உருவிச் சுவரில் போட்டேன், இப்போது அது வெறும் கிடா, எந்தப் பக்கத்துக் கிடா என்று சுடலையாலும் சொல்ல முடியாது, அவுலியாவாலும் சொல்ல முடியாது, அதற்கும் ஒன்றும் தெரியவில்லை, மாலையைத் தின்கிறது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டேன், சிவப்பு ஈரம் சட்டையில் ஊறிற்று, வத்தல் பொடி நெடி அடித்தது, இல்லை, அடித்த மாதிரி இருந்தது, தும்மல் வந்தது, பின்னால் மைக்கில் இன்னொருவன் அதே வார்த்தையை ஆரம்பிக்கிறான், எந்த மதமும் என்று, இன்னொரு கைதட்டல், எனக்கு இறங்கவில்லை, இன்னும் நூறு பேர் சொன்னாலும் இறங்காது, வாசலை அடைத்துக்கொண்டு கூட்டம் நின்றது, என் முகத்தில் எதைப் பார்த்தார்களோ, தோளில் எதைப் பார்த்தார்களோ, இரண்டாகப் பிளந்து ஒதுங்கி எனக்கும் வழிவிட்டார்கள், இந்த ஊருக்கு அது ஒன்று நன்றாகத் தெரியும், நான் நடந்தேன்.